புளியந்தோப்பு, 1921: ஒரு நகரக் கலவரத்தைத் திரையிலிருந்தே எவ்வளவு தூரம் தேடலாம்?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது: குடும்பம் மூன்று தலைமுறையாகப் புளியந்தோப்பில் இருக்கிறது. பின்னி ஆலை வேலைநிறுத்தக் காலத்தில் நடந்த கலகத்தைப் பற்றிப் பெரியவர்கள் பேசியது துண்டு துண்டாக நினைவில் நிற்கிறது. கையில் ஒரு மடிக்கணினி உண்டு, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நாள்கணக்கில் உட்கார நேரமில்லை. எந்தெந்த இணையதளங்களில் தேடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தளங்களின் பட்டியலை யாரும் கொடுத்துவிடுவார்கள். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு என்று நினைக்கிறேன்: எந்த நாளில், எந்தத் தெருவில், என்ன நடந்தது என்பதைத் திரையிலிருந்தே நம்பத்தக்க அளவுக்குக் கட்டி எழுப்ப முடியுமா? நாள்வரிசையையும் இடத்தையும் பெருமளவு முடியும். அரசு என்ன நினைத்தது, கட்சிகள் என்ன பேசின என்பதும் கிடைக்கும். முதல் கல்லை எறிந்தது யார், எந்தக் குடிசைக்கு யார் தீ வைத்தார் என்பது மட்டும் கிடைக்காது. அது காகித ஆவணத்தைப் பார்த்தாலும் தீராத விஷயம்.

அடித்தளமாக எடுத்துக்கொள்ளத் தக்கவை சில உண்டு. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி.வாடியாவைத் தலைவராகக் கொண்டு தொடங்கியது. திரு.வி.க. அதில் முன்னணியில் நின்றார். பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்னாட்டிக் ஆலைகளின் பெரிய வேலைநிறுத்தம் 1921 ஜூன் முதல் அக்டோபர் வரை நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்ப, மற்றவர்கள் வெளியே நிற்க, சம்பளத் தகராறு புளியந்தோப்பு, பெரம்பூர்ப் பகுதிகளில் சாதி மோதலாக மாறியது. ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. ஆட்சியில் இருந்த ஜஸ்டிஸ் கட்சிக்குள்ளேயே இதனால் பிளவு விழுந்தது, ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி.ராஜா 1923இல் கட்சியை விட்டு விலகினார். இவற்றில் சண்டை இல்லை. இறந்தவர் எத்தனை பேர், எரிந்த குடிசைகள் எத்தனை, எந்தத் தரப்பு தொடங்கியது என்று கேட்டால் ஒவ்வொரு ஆவணமும் ஒவ்வொன்று சொல்லும்.

ஆகவே தேடலைத் தொடங்கும் முன் ஒரு அட்டவணை போடுங்கள். கூகுள் ஷீட்டோ லிப்ரே ஆபீஸோ போதும். ஒரு வரிக்கு ஒரு சம்பவம் என்று போடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. ஒரு வரிக்கு ஒரு கூற்று என்று போட வேண்டும். "29ஆம் தேதி மாலை ஆலை வாசலில் கூட்டம் கல்லெறிந்தது" என்று போலீஸ் கமிஷனர் எழுதினால் அது ஒரு வரி. "கூட்டம் அமைதியாக இருந்தது" என்று ஒரு பத்திரிகை எழுதினால் அது இன்னொரு வரி. இரண்டையும் ஒன்றாக்கி நீங்களே ஒரு வாக்கியம் எழுதிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. பத்திகள் இவ்வளவு வேண்டும்: சம்பவம் நடந்ததாகச் சொல்லும் தேதி, அது எழுதப்பட்ட தேதி, அச்சான தேதி, ஆவணத்தில் உள்ளபடி இடப்பெயர், இன்றைய இடம், கூற்று, சொன்னவர் யார், அவர் நேரில் பார்த்தவரா கேள்விப்பட்டவரா, ஆவண அடையாளம் (துறை, அரசாணை எண், நாள், பக்கம்), படக்கோப்பின் பெயர். தேதியை 1921-08-29 என்ற வடிவத்தில், எழுத்தாக இடுங்கள். அப்படியே அகரவரிசைப்படுத்தினாலும் நாள்வரிசை கெடாது. எக்ஸெல் 1900க்கு முந்தைய தேதிகளைத் தேதியாகவே ஏற்காது. பின்னால் 19ஆம் நூற்றாண்டுக் கலகங்களுக்கு நகர்ந்தால் இது காலை வாரும்.

மூன்று தேதிப் பத்திகள் எதற்கு என்றால், வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு. சென்னையின் கலவரங்களைத் தேட இலவசமாகவும் வேகமாகவும் கிடைக்கும் களஞ்சியங்கள் வெளிநாடுகளில்தான் இருக்கின்றன என்பது கொஞ்சம் வேடிக்கைதான். ஆஸ்திரேலியாவின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட், சிங்கப்பூரின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி ஆகிய மூன்றும் சொல்வாரியாகத் தேடத் தக்கவை. சென்னையிலிருந்து போன தந்திச் செய்தி ஓரிரு நாளில் அங்கே அச்சாகியிருக்கும். தேடும்போது புளியந்தோப்பு என்று போடாதீர்கள். தந்தியில் மெட்ராஸ் என்றுதான் இருக்கும். மெட்ராஸ் என்பதோடு ஆலை, வேலைநிறுத்தம், கலவரம், துப்பாக்கிச்சூடு ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சம்பவ நாளிலிருந்து ஒரு வாரத்துக்கு எல்லை வையுங்கள். பிறகு அதே சொற்களை மூன்று முதல் ஆறு வாரம் தள்ளி மறுபடி தேடுங்கள். கப்பல் தபாலில் போன நீண்ட கடிதங்கள் அப்போதுதான் வெளிவரும். தந்தி நாலு வரிதான், தபால் கட்டுரையில் தெருப்பெயர்கூட வரலாம். ஒரு எச்சரிக்கை: ஒரே ராய்ட்டர் தந்தியை இருபது ஊர்ப் பத்திரிகைகள் அச்சிட்டிருக்கும். அது இருபது சான்றாகாது, ஒன்றுதான். சொற்றொடர்களை ஒப்பிட்டு, ஒரே மூலத்திலிருந்து வந்தவற்றுக்கு அட்டவணையில் ஒரே குறியீடு கொடுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் "பல பத்திரிகைகளும் உறுதிப்படுத்துகின்றன" என்று எழுதிவிடுகிறார்கள்.

பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதங்கள் 1803 முதல் 2005 வரை ஹன்சார்டு தளத்தில் இலவசம். 1921இல் பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்குப் பொறுப்பான மந்திரி மாண்டேகு. அவர் பெயரையும் மெட்ராஸையும் சேர்த்துத் தேடுங்கள். சென்னை சட்டசபை நடவடிக்கைகளை இன்டர்நெட் ஆர்கைவிலும் தமிழ்நாடு சட்டமன்றத்தின் எண்மத் தொகுப்பிலும் தேட வேண்டும். இரட்டை ஆட்சியின் (சில துறைகள் மட்டும் இந்திய மந்திரிகளிடம் இருந்த மாகாண ஆட்சிமுறை) முதல் சட்டசபை 1921 ஜனவரியில்தான் கூடியது, உறுப்பினர்கள் கேள்விமேல் கேள்வி கேட்ட காலம். கேள்விநேரப் பதிலில் அரசு கொடுக்கும் எண்ணிக்கை அரசின் எண்ணிக்கைதான். ஆனால் அதற்குத் தேதியும் பொறுப்பானவர் பெயரும் இருக்கும், அதுவே பெரிய வசதி.

மத்திய அரசின் கோப்புகளுக்கு அபிலேக் படல் என்ற தேசிய ஆவணக் காப்பகத் தளம். பதிவு செய்துகொண்டால் பல கோப்புகளை முழுதாகப் பார்க்கலாம். இங்கே பலர் தோற்பது எதனால் என்றால், தேடல் கோப்பின் உள்ளே போகாது, தலைப்பை மட்டுமே பார்க்கும். கோப்பின் உள்ளே ஐம்பது முறை புளியந்தோப்பு இருந்தாலும் தலைப்பில் இல்லாவிட்டால் வராது. ஆகவே இடத்தைத் தேடாமல் நிர்வாக வகையைத் தேடுங்கள்: உள்துறையின் அரசியல் பிரிவு, 1921, மாகாணங்கள் அனுப்பிய இருவார அறிக்கைகள். மாதத்துக்கு இரண்டு வீதம் சென்னை அரசு தில்லிக்கு எழுதிய நிலவர அறிக்கைகள் அவை. ஜூன் முதல் அக்டோபர் வரை வரிசையாகப் படித்தால் அரசின் பார்வை எப்படி மாறியது என்று தெரியும். சென்னையின் சொந்தக் கோப்புகளில் ஒரு பொறி உண்டு. தொழிலாளர் துறை என்று அன்று சென்னையில் இருந்தது பெரும்பாலும் ஆலைத் தொழிலாளர் துறை அல்ல. ஒடுக்கப்பட்ட சாதியினரின் குடியிருப்பு, நிலம், பள்ளி ஆகியவற்றைக் கவனித்த துறை அது. அந்தத் துறை ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுத்ததுதான் கலவரத்துக்குக் காரணம் என்று ஜஸ்டிஸ் கட்சித் தலைவர்கள் குற்றம் சாட்டினார்கள். ஆகவே போலீஸ், நீதி, பொதுத்துறைக் கோப்புகளோடு நிறுத்தாமல் இந்தத் துறையின் அரசாணைகளையும் தேடுங்கள். வீடு இழந்தவர்கள் பற்றிய செய்தி அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இனி தமிழ்ப் பத்திரிகைகள். வேலையில் பாதி நேரம் இங்கேதான் போகும். சுதேசமித்திரன், திரு.வி.க.வின் நவசக்தி, ஜஸ்டிஸ் கட்சியின் திராவிடன் மூன்றும் மூன்று தரப்பு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தின் பட்டியலிலும் பாருங்கள். எந்தெந்த நாள் இதழ்கள் இருக்கின்றன என்று முதலில் ஒரு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். கலவர வார இதழ்கள் தொலைந்திருந்தால் தேடலில் எதுவும் வராது. அதை "எழுதவில்லை" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விட்டுப்போன இடத்தை நிரப்ப அரசு மொழிபெயர்ப்பாளர்கள் வாராவாரம் தயாரித்த சுதேசப் பத்திரிகைச் சுருக்கங்கள் உதவும். இந்த வகை அறிக்கைகள் பல சவுத் ஏசியா ஓப்பன் ஆர்கைவ்ஸில் இலவசமாக உள்ளன. அரசுக்கு உறுத்தியதைத்தான் அவர்கள் மொழிபெயர்த்தார்கள் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

ஸ்கேன் படங்களை எழுத்தாக்கத் தெசராக்ட் என்ற இலவச ஓசிஆர் மென்பொருளும் கூகுள் டிரைவின் ஓசிஆரும் போதும். பழைய அச்சில் கூகுள் பெரும்பாலும் முந்தும். தெசராக்டில் அமைப்புகளை நீங்களே மாற்றலாம். ஸ்கேன் 300 முதல் 400 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) அளவில், சாம்பல்நிறத்தில் இருக்கட்டும். கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டால் புள்ளிகள் உதிர்ந்து 'க்' எல்லாம் 'க' ஆகிவிடும். முழுப்பக்கத்தையும் அப்படியே கொடுத்தால் பக்கத்துப் பத்தியின் வரிகள் கலந்து வரும், ஆகவே பத்தி பத்தியாக வெட்டிக் கொடுங்கள். இன்னொரு சிக்கல் எழுத்துச் சீர்திருத்தம். 1978க்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை போட்டும், ணா, றா, னா ஆகியவை சுழித்தும் இருக்கும். இன்றைய எழுத்தைப் பார்த்துப் பழகிய மென்பொருள் இவற்றை ஒரே மாதிரியாகத் தவறாகப் படிக்கும். தவறு ஒரே மாதிரி இருப்பது நல்லதுதான்: முதல் பத்துப் பக்கங்களைக் கையால் திருத்தி, எது எதுவாக வருகிறது என்று பட்டியல் போட்டால், அந்தத் தவறான வடிவத்தையே தேடலாம். ஆலை என்று தேடுவதோடு, உங்கள் மென்பொருள் ஆலையை எப்படிப் படிக்கிறதோ அதையும் தேட வேண்டும். பக்கங்கள் ஆயிரத்தைத் தாண்டினால் டிரான்ஸ்க்ரிபஸ் போலப் பயிற்றுவிக்கக்கூடிய கருவிக்குப் போகலாம். நூறு பக்கத்துக்கு அது வீண் உழைப்பு.

தேடுசொல்லை முழுதாக இடாதீர்கள். கலவரத்தில், கலவரங்களை, கலவரக்காரர் எல்லாம் பிடிபட "கலவர" வரை போதும். அன்றைய பத்திரிகை நடையில் கலகம், குழப்பம், அமளி, ரகளை, கைகலப்பு எல்லாம் புழங்கின. துப்பாக்கிச்சூட்டைத் துப்பாக்கிப் பிரயோகம் என்றும் எழுதுவார்கள். மேல்முகப்பில் துன்மதி வருஷம் ஆவணி மாதம் என்று தமிழ்த் தேதி இருக்கும். உள்ளே "சென்ற திங்கட்கிழமை" என்று மட்டும் இருந்தால் நாட்காட்டியைப் பாருங்கள்: 1921 ஆகஸ்ட் 29 திங்கட்கிழமைதான். கிழமை ஒத்துவராத இடத்தில் ஓசிஆர் தவறோ, வேறு சம்பவமோ இருக்கிறது. இதைவிட மலிவான சோதனை கிடையாது. ஒரு நுட்பக் கோளாறையும் சொல்லிவிடுகிறேன். யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது தனித்தனி இரண்டு குறிகளாக. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், தேடலில் ஒன்று மற்றதைக் கண்டுபிடிக்காமல் போகலாம். எல்லாக் கோப்புகளையும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தேடுங்கள். 1990களின் இறுதி, 2000களின் தொடக்கத்துத் தமிழ்ச் செய்தித்தளங்களை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் திறந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரியும். அவை யூனிகோடுக்கு முந்தைய டாப், டாம், டிஸ்கி அல்லது அந்தந்தப் பத்திரிகையின் சொந்த எழுத்துருவில் இருந்தவை. என்எச்எம் கன்வர்ட்டரோ பொங்குதமிழோ பலவற்றை மீட்டுவிடும்.

இடத்தைக் குறிக்க க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள். 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பயணக் கையேடுகளிலும் கெசட்டியர்களிலும் வந்த சென்னை வரைபடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை அதன் ஜியோரெஃபரன்சரில் (பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தோடு பொருத்தும் கருவி) ஏற்றி, இன்றும் இடம் மாறாமல் நிற்கும் புள்ளிகளோடு பொருத்த வேண்டும். சென்ட்ரல் நிலையக் கோபுரம், உயர்நீதிமன்றக் கலங்கரை விளக்கம், கோட்டையின் முனைகள், தேவாலயங்கள் நல்லவை. வடக்கே பேசின் பிரிட்ஜ் ரயில் பாதை, பெரம்பூர் ரயில் தொழிற்சாலைப் பாதைகள், ஓட்டேரி நல்லா என்ற கால்வாய் ரயில்பாதையைக் கடக்கும் இடம் ஆகியவற்றை எடுங்கள். கடற்கரையை மட்டும் எடுக்காதீர்கள். துறைமுகம் கட்டிய பிறகு அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது, வடக்கே கடல் அரித்தது. பழைய கரையை இன்றைய கரையோடு பொருத்தினால் நகரமே சாய்ந்துவிடும். முதல்நிலைப் பல்லுறுப்பு உருமாற்றம் என்ற எளிய பொருத்தும் முறைக்கு மூன்று புள்ளிகள் போதும் என்று மென்பொருள் சொல்லும். பத்துப் பன்னிரண்டு புள்ளிகளாவது நான்கு மூலையிலும் பரவலாக வையுங்கள். மூன்றோடு நிறுத்தினால் பிழை பூஜ்யம் என்று காட்டும், அது சரியாக இருப்பதால் அல்ல, ஒப்பிட மிச்சம் எதுவும் இல்லாததால். வரைபடத்தை வளைத்துப் பொருத்தும் தின் பிளேட் ஸ்ப்ளைன் முறையும் இதேபோல் பூஜ்யம் காட்டி ஏமாற்றும். ஆயத்தொலைவு முறையாக யூடிஎம் 44 வடக்கு, அதாவது ஈபிஎஸ்ஜி 32644 வைத்தால் பிழை மீட்டரில் வரும். சராசரிப் பிழை 30 மீட்டரைத் தாண்டினால் தெருவைச் சொல்லாதீர்கள், பேட்டையோடு நிறுத்துங்கள். ஆவணம் "சேரி" என்று மட்டும் சொன்னால் வரைபடத்தில் புள்ளி வைக்காமல் ஒரு பரப்பாக வரையுங்கள். புள்ளி வைத்தால் பார்ப்பவர் அதை ஒரு வீடு என்றே எடுத்துக்கொள்வார்.

பெயர்மாற்றத்துக்குத் தனித்தாள் வேண்டும். மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆனதும், பூந்தமல்லி நெடுஞ்சாலை பெரியார் ஈ.வெ.ரா. சாலை ஆனதும் எல்லாருக்கும் தெரியும். சிறு தெருக்களில்தான் வம்பு. ஆங்கில ஆவணத்தில் புளியந்தோப்பின் நடுவில் ஒய் எழுத்து வரும், வராது. முடிவில் ஒரு பி, இரண்டு பி. நட்சத்திரக் குறியை ஏற்கும் தளத்தில் முதல் நான்கு எழுத்தோடு அதை இட்டுத் தேடுங்கள்.

பிற்காலக் கலவரங்களுக்குப் போனால் கருவிகள் மாறும். 1965 இந்தி எதிர்ப்புக் காலத்துக்கு இந்தியன் எக்ஸ்பிரஸின் பழைய இதழ்கள் கூகுள் நியூஸ் ஆர்கைவில் உள்ளன. சொல்தேடலை நம்பாமல் நாள்வாரியாகப் புரட்டுங்கள். வழக்குகளுக்கு இந்தியன் கானூன் என்ற தீர்ப்புத் தேடல் தளத்தில் தண்டனைச் சட்டப் பிரிவு 147, 148, 149 ஆகியவற்றோடு காவல் நிலையப் பெயரைச் சேர்த்துத் தேடினால் தீர்ப்புகள் வரும். 2024 ஜூலை 1க்குப் பிந்தைய குற்றங்களுக்கு இவற்றின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 189 முதல் 191 வரை. மேல்முறையீட்டுத் தீர்ப்பின் முதல் பகுதியில் அரசுத் தரப்புக் கதை நீளமாக இருக்கும்; அதை நீதிமன்றத்தின் முடிவு என்று மேற்கோள் காட்டிவிடாதீர்கள், விடுதலையில் முடிந்த வழக்காகக்கூட இருக்கும். 2009 பிப்ரவரி 19 உயர்நீதிமன்ற மோதலுக்கு ஸ்ரீகிருஷ்ணா குழு, 2017 ஜனவரி 23 மெரினா வன்முறைக்கு ராஜேஸ்வரன் ஆணையம் என்று விசாரணைகள் உண்டு. விசாரணைக் குழு அறிக்கைகளில் முடிவுரையைவிடச் சாட்சிகளும் இணைப்புகளும்தான் உள்ளூர் வரலாற்றுக்குப் பயன்படும். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(3) பிரிவின்படி, சம்பவம் நடந்து இருபது ஆண்டு ஆகிவிட்டால் சில விலக்குகள் போகத் தகவலை மறுக்க முடியாது. மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

கைப்பேசிக் காட்சிகளில் முக்கால்வாசி வாட்ஸ்ஆப் வழியாக வந்தவை. அனுப்பும்போதே படம் எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். கோப்பில் இருக்கும் தேதி உங்களுக்கு வந்து சேர்ந்த தேதி. நிழல் உதவும். சென்னையில் ஜனவரியில் நடுப்பகல் நிழல் வடக்கே விழும். ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை அது தெற்கே திரும்பிவிடும். ஜனவரியில் எடுத்ததாகச் சொல்லும் காட்சியில் உச்சிவேளை நிழல் தெற்கே கிடந்தால் அதை ஒதுக்கிவிடலாம். எந்தக் காட்சியையும் இறக்கிய உடனே வேபேக்கில் பக்கத்தைச் சேமித்து, கோப்புக்கு எஸ்எச்ஏ-256 ஹாஷ் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் விரலடையாளம் போன்ற குறியீடு) எடுத்து அட்டவணையில் எழுதிவையுங்கள்.

செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவிகளிடம் "1921 புளியந்தோப்புக் கலவர அரசாணைகள் எவை" என்று கேட்காதீர்கள். எண்ணும் நாளும் போட்டு அழகாகப் பதில் வரும், அப்படி ஓர் ஆணையே இருக்காது. நீங்கள் கொடுத்த பக்கத்தைப் படித்துத் தேதி, இடம், பெயர்களைப் பிரித்துத் தரச் சொல்லலாம். அப்போதும் ஒவ்வொரு வரியையும் படத்தோடு ஒப்பிட வேண்டும். பேட்டி ஒலிப்பதிவை எழுத்தாக்கும் கருவிகளும் சென்னைப் பேச்சைச் செந்தமிழாகத் 'திருத்தி' வைத்துவிடும்.

பெரியவர்களின் நினைவைக் கடைசியில் கேட்காமல் இப்போதே பதிவு செய்யுங்கள், ஆவணம் பார்த்த பிறகு ஒரு முறை மறுபடி கேளுங்கள். நூறாண்டுக்கு முந்தைய சம்பவத்தை அவர்கள் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள்; 1921க்கு அது சான்றாகாது, அந்தச் செய்தி பேட்டையில் எப்படிக் கைமாறி வந்தது என்பதற்குச் சான்று. இன்னொரு குறையும் இருக்கிறது. மேலே சொன்ன எல்லாக் களஞ்சியங்களிலும் பேசுவது போலீஸ், ஆலை நிர்வாகம், சங்கத் தலைவர்கள், பத்திரிகை ஆசிரியர்கள். குடிசை எரிந்த பெண்ணின் குரல் மனுவாகவோ நஷ்டஈட்டுக் கோரிக்கையாகவோ எழும்பூர்க் கோப்பு எதிலாவது இருக்கலாம், இணையத்தில் ஏறியிருக்க வாய்ப்பு குறைவு. அதற்காக மட்டுமாவது ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். அட்டவணையில் அரசாணை எண்களும் நாள்களும் தயாராக இருந்தால், அங்கே பட்டியல் புரட்டும் நேரம் மிச்சமாகி நேரே கோப்பைக் கேட்டு எழுதித் தரலாம்.

வெளியிடும்போது இரண்டு பதிப்பு வையுங்கள். சாதி, வீட்டுப் பெயர், குற்றம் சாட்டப்பட்டவர் பெயர் எல்லாம் உள்ள அட்டவணை உங்களிடம் இருக்கட்டும். பொதுவில் போடும் வரைபடத்தில் பேட்டை அளவுக்கு மேல் நெருங்க முடியாதபடி செய்யுங்கள். பேரப்பிள்ளைகள் இன்னும் அதே தெருக்களில் எதிரெதிர் வீடுகளில் இருக்கிறார்கள்.